மந்தையை விட்டு விலக்கிய சொல்: 'செக்ரிகேஷன்' வேரும் தமிழாக்கமும், ஒரு கைவழி

டர்பனில் கோயில் மண்டபத்துக் கண்காட்சிக்குப் படவிளக்கம் எழுதினாலும் சரி, அந்நகரில் இந்தியர் குடிவைக்கப்பட்ட சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் அடித்தாலும் சரி, தாத்தாவின் இரும்புப் பெட்டியில் கிடந்த பழைய அரசு நோட்டீசை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கினாலும் சரி, இரண்டாம் மூன்றாம் வரியிலேயே 'செக்ரிகேஷன்' வந்து நிற்கும், அதாவது மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்தல். அதைத் தமிழில் எழுதப் போனால் ஒரே பலகையில் மேலே 'பிரிவினை', நடுவில் 'நிறவெறி', கீழே 'இன ஒதுக்கீடு' என்று முடிகிறது. மூன்றும் மூன்று பொருள். கடைசிச் சொல்லோ சொல்ல வந்ததற்கு ஏறக்குறைய நேர் எதிர்.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுமொழி ஆங்கிலமாகிப் பல காலம் ஆயிற்று. பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல் முன்பே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்ச் சொல்லுக்கு வருகிறார்கள். அதனால் தமிழ்நாட்டு வகுப்பில் செய்வதுபோல் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போனால் இங்கே வேலைக்கு ஆகாது. ஆங்கிலச் சொல்லையே முதலில் மேசைமேல் போட்டுப் பிளக்க வேண்டும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை. சொற்பிறப்பும் ஆண்டும் தரும் பெரிய ஆங்கில அகராதி ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்தில் தேடலாம். ரோட்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கி 1996இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆங்கில வரலாற்று அகராதி. இது கட்டாயம் வேண்டும். 'லொக்கேஷன்', 'குரூப்' போன்ற சொற்களுக்கு இந்த மண்ணில் ஏறிய பொருளை லண்டன் அகராதியில் முழுதாகப் பார்க்க முடியாது. ஒரு பெரிய தாள், இரண்டு நிற மை. கையடக்க ஆங்கில–தமிழ் அகராதியைக் கடைசிவரை திறக்காதீர்கள். அது ஐந்து சொல்லைக் காற்புள்ளி போட்டுக் கொடுக்கும். எது எப்போது என்று சொல்லாது.

எங்கே வெட்டுவது

சொல்லைத் தாளின் நடுவில் எழுதி மூன்றாக வெட்டுங்கள்: செ, கிரெக், எஷன்.

'செ' என்பது லத்தீன் முன்னொட்டு. 'விட்டு', 'வேறாக', 'விலக' என்று பொருள். 'கிரெக்' என்பது 'கிரெக்ஸ்' என்ற லத்தீன் பெயர்ச்சொல்லின் திரிந்த வடிவம், பொருள் மந்தை. வேற்றுமை உருபு ஏறும்போது கிரெக்ஸ் என்பது கிரெகிஸ், கிரெகெ என்று மாறும். தமிழில் மரம், 'மரத்தை' ஆகும்போது உள்ளே அத்து நுழைகிறதல்லவா, அதுபோல என்று பிள்ளைகளிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 'எஷன்' தொழிற்பெயர் விகுதி. நம் தல், அல், பு போல. மூன்றையும் சேர்த்தால் 'மந்தையை விட்டு விலக்குதல்'. லத்தீன் வினைச்சொல் செக்ரெகாரே.

பெரும்பாலானோர் தவறுவது முதல் வெட்டில். தமிழெழுத்தில் எழுதும்போது இந்தத் தவறு இன்னும் எளிது, ஏனென்றால் எல்லாம் 'செக்' என்றே தொடங்கும். செக்மென்ட், செக்ஷன், செக்டர் மூன்றும் 'வெட்டு' என்று பொருள்படும் செகாரே என்ற வேறொரு வினையிலிருந்து வந்தவை. அவற்றில் 'செ' முன்னொட்டே கிடையாது. 'செக்ட்', அதாவது மதப்பிரிவு, வெட்டுவதோடும் தொடர்பில்லாதது. 'பின்பற்று' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது, ஒரு குருவைப் பின்தொடரும் கூட்டம் என்று பொருள். ஆனால் செக்யூரிட்டியில் இருப்பது அசல் 'செ'தான்: 'கூரா' என்றால் கவலை, கவலையை விட்டு நீங்கிய நிலை. ஆக, முதல் இரண்டு ஒலியைக் கேட்டு முடிவுகட்டக் கூடாது. முன்னொட்டைக் கழற்றிய பிறகு எஞ்சுவது தனியாக நிற்கும் ஒரு லத்தீன் சொல்லா என்று பாருங்கள். 'கிரெக்' நிற்கிறது. 'மென்ட்' நிற்கவில்லை. இதுதான் சோதனை.

அடுத்து, அதே மந்தையில் மேயும் மற்றச் சொற்களைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். காங்கிரிகேஷன்: மந்தையாகச் சேர்தல், இங்கே தேவாலய வாசலில் சபையைக் குறிக்க எழுதியிருக்கும் அதே சொல். அக்ரிகேட்: மந்தையோடு சேர்த்தது, மொத்தம். கிரிகேரியஸ்: கூட்டத்தோடு ஒட்டி வாழும் இயல்பு. இக்ரீஜியஸ்: மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. இந்தக் கடைசிச் சொல் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் முதலில் அது 'தலைசிறந்த' என்ற பாராட்டு; இன்று 'அப்பட்டமாக மோசமான' என்ற வசை. கூட்டத்தை விட்டு நீங்கியவனைப் பார்த்து உலகம் முதலில் வியக்கும், பிறகு சந்தேகப்படும் போலிருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தில் கிரெக்ஸுக்கு நிகராக மந்தை, கிடை, பட்டி, நிரை, ஆயம் எல்லாம் உண்டு. ஆயம் பசுக்கூட்டத்தையும் குறிக்கும், தோழியர் கூட்டத்தையும் குறிக்கும். லத்தீன் கிரெக்ஸும் அப்படித்தான், ஆட்டு மந்தையையும் மனிதக் குழாமையும் ஒரே சொல்லால் அழைத்தது. லெக்சிகனில் ஆயத்தைத் தேடிக் காட்டினால், மந்தைச் சொல் மனிதருக்கு எப்படி ஏறியது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மேய்ப்பன் கையிலிருந்து அரசிதழ்வரை

இனி ஆண்டுவரிசை. தாளில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போட்டு ஐந்து இடத்தில் குறியிடுங்கள்.

முதல் குறி லத்தீன் விவிலியம். மத்தேயு 25:32இல் மேய்ப்பன் செம்மறியாடுகளை வெள்ளாடுகளிலிருந்து பிரிக்கிற இடத்தில் நிற்பது இதே வினைதான். ரோமர் 1:1இல் பவுல் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வினை வருகிறது. தமிழ் விவிலியம் அதைப் 'பிரித்தெடுக்கப்பட்டவன்' என்கிறது. இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் பிரிப்பது தீர்ப்பு, மற்றொன்றில் பிரிப்பது பெருமை. சொல்லுக்குள் இகழ்ச்சியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. ஒரு கை மட்டும் இருக்கிறது, பிரிக்கிற கை. இந்தக் குறிப்பு கடைசிவரை உதவும்.

இரண்டாம் குறி 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி: சொல் ஆங்கிலத்துக்கு வருகிறது, பெரும்பாலும் சமயப் பேச்சில், பக்தர் கூட்டத்தைப் பாவிகளிடமிருந்து விலக்குவது என்ற கருத்தில். மூன்றாம் குறி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: இனங்களைக் கட்டாயமாகப் பிரித்துவைத்தல் என்ற பொருள் ஏறுகிறது. அமெரிக்காவில் 1896ஆம் ஆண்டு பிளெஸ்ஸி வழக்கில் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1954இல் பிரவுன் வழக்கு பள்ளிகளில் அதைத் தள்ளியது.

நான்காம் குறிதான் நமக்கு முக்கியம். தென்னாப்பிரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் செக்ரிகேஷன் அரசியல் கொள்கையின் பெயராகவே புழங்கியது. கருப்பின மக்களைக் கட்டிப்போட்ட 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம், 1923இன் நகரப் பகுதிச் சட்டம், இந்தியரைக் குறிவைத்த 1943, 1946 நிலச் சட்டங்கள் எல்லாம் இந்தக் கொள்கையின் பிள்ளைகள். ஐந்தாம் குறி 1948 மே: வெள்ளையரின் தேசியக் கட்சி தேர்தலில் வென்று, இனங்களைப் பிரித்துவைக்கும் தன் கொள்கைக்குப் பெயரான 'அபார்ட்ஹெய்ட்' என்ற சொல்லை ஆட்சியில் ஏற்றுகிறது. 1948க்கு முந்தைய நிகழ்ச்சியை அபார்ட்ஹெய்ட் சட்டம் என்று எழுதுவது கண்காட்சிப் பலகைகளில் அடிக்கடி காணும் பிழை. 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தி இறக்கிவிடப்பட்டதும், 1914இல் தில்லையாடி வள்ளியம்மை மாண்டதும் அபார்ட்ஹெய்ட் காலம் அல்ல. அது காலனி ஆட்சியின், பிறகு தென்னாப்பிரிக்க ஒன்றிய அரசின், இன ஒடுக்குமுறைக் காலம். பாட்டி காலத்துக் கொடுமையைப் பேத்தி காலத்துப் பெயரால் அழைத்தால் கொடுமை குறையாது. ஆனால் கணக்கு குழம்பும்.

சொல் திரும்பிய வளைவையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள். பழைய லத்தீனில் ஓர் ஆட்டை மந்தையிலிருந்து விலக்குவது; புதிய ஆங்கிலத்தில் மந்தையையே பல மந்தைகளாக உடைத்து ஒவ்வொன்றையும் ஒரு பட்டியில் அடைப்பது. தமிழ் ஊர்களில் இருந்த 'ஊர்விலக்கு', 'ஒதுக்கிவைத்தல்' முதல் வகை: தவறு செய்ததாகச் சொல்லி ஒருவரையோ ஒரு வீட்டையோ விலக்குவார்கள், தண்டம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்கள். இனச்சட்டத்தில் தவறும் இல்லை, தண்டம் கட்டி மீளும் வழியும் இல்லை, பிறப்பே போதும். ஆகவே 'விலக்கு' என்ற சொல் வேருக்குச் சரி, இன்றைய பொருளுக்குப் போதாது.

தனி என்பதோடு 'மை' சேர்த்தால்

அபார்ட்ஹெய்ட்டை இதே மேசையில் வைத்து வெட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அது ஆஃப்ரிகான்ஸ். 'அபார்ட்' என்றால் தனியே. டச்சு வழி வந்தது, அதற்குப் பின்னால் பிரெஞ்சில் 'ஒரு பக்கமாக' என்ற தொடர். 'ஹெய்ட்' பண்புப்பெயர் விகுதி, தமிழின் 'மை' செய்கிற வேலையைச் செய்வது. சொல்லுக்குச் சொல் போட்டால் தனி + மை. அதாவது தனிமை!

சிரிப்பு வரும், ஆனால் இதில் பாடம் இருக்கிறது. செக்ரிகேஷன் ஒரு வினையிலிருந்து பிறந்தது: யாரோ பிரித்தார்கள். அபார்ட்ஹெய்ட் ஒரு பண்புப்பெயர்: தனித்திருத்தல் என்ற நிலை, யார் செய்தது என்ற கேள்விக்கே இடம் வைக்காதது. ஆட்சியாளர்கள் பிறகு இன்னும் மெருகேற்றி 'தனித்தனி வளர்ச்சி' என்றார்கள். அதில் கை மட்டுமல்ல, காயமும் மறைந்தது. அந்தத் தொடரைத் தமிழில் எழுதும்போது மேற்கோள் குறி போட மறக்காதீர்கள். குறி இல்லாவிட்டால் அது நம் கூற்றாகிவிடும்.

ஒலிபெயர்ப்பில் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து 'அப்பார்தைட்' என்று எழுதுகிறார்கள். ட் முதல் பாதியின் கடைசி ஒலி, ஹ் இரண்டாம் பாதியின் முதல் ஒலி. இரண்டும் சேர்ந்து 'த்' ஆவதில்லை. வெட்டும் இடம் தெரிந்தால் ஒலியும் சரியாகும்: அபார்ட்ஹெய்ட்.

தமிழில் யார் கை தெரிகிறது

இப்போது தமிழ்ச் சொல் தேர்வு. இங்கே நம் இலக்கணமே நல்ல கருவி தருகிறது: தன்வினை, பிறவினை. பிரிதல், பிரித்தல். ஒதுங்கல், ஒதுக்கல். விலகல், விலக்கல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் புதைந்திருப்பதைத் தமிழில் ஒரு மெய்யெழுத்து காட்டிக்கொடுக்கிறது. மக்கள் ஒதுங்கினார்களா, ஒதுக்கப்பட்டார்களா? 'ங்' போட்டால் அவர்கள் விருப்பம், 'க்' போட்டால் ஆட்சியின் கை. பாடத்தாளில் இந்த இணைகளை இரண்டு நிற மையில் எழுதினால் பிள்ளைகளுக்கு இலக்கணமும் வரலாறும் ஒரே நேரத்தில் ஏறும்.

இந்தச் சல்லடையில் வழக்கமான சொற்களைச் சலித்துப் பார்ப்போம்.

பிரிவினை: சொத்துப் பிரிவினை, 1947இன் நாட்டுப் பிரிவினை இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும். பங்கு பிரித்து அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு போவது. இங்கே பங்கு கிடைக்கவில்லை. வேண்டாம்.

நிறவெறி, இனவெறி: மனநிலையின் பெயர். சட்டத்தின் பெயர் அல்ல. 'வெறி' என்றதும் ஏதோ கோபத்தில் நடந்ததுபோல் ஆகிவிடும். ஆனால் இது கோட்டும் டையும் போட்டவர்கள் வரைபடம் விரித்து, அளவுகோல் வைத்து, நிதானமாகச் செய்தது. செய்தித்தாள் தலைப்புக்கு ஓடும். விளக்கத்துக்கு ஆகாது.

பாகுபாடு: பேதம் காட்டுதல். ஒரே கடைக்குள் இருவரை இரண்டு விதமாக நடத்தினால் பாகுபாடு. இருவருக்கும் வேறு வேறு கடை, வேறு தெரு என்றால் செக்ரிகேஷன். முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது, ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

தனிமைப்படுத்தல்: 2020க்குப் பிறகு இது நோய்க்கால வீட்டுக்காவலின் பெயராகிவிட்டது. வயது குறைந்த வாசகர் முகக்கவசத்தை நினைப்பார்.

தீண்டாமை: உணர்ச்சிக்கு நெருக்கம், பொருளுக்குத் தூரம். அது சாதிக்கும் தீட்டுக்கும் உரிய சொல். ஒப்பிட்டுப் பேசலாம், மாற்றி எழுதக் கூடாது.

ஒதுக்கீடு: இதுதான் பெரிய கண்ணி. 'ஒதுக்கு' என்ற அடியில் இரண்டு கிளை உண்டு. ஒருவரை ஒதுக்குதல் ஒன்று, ஒருவருக்கென்று ஒன்றை ஒதுக்குதல் மற்றொன்று. 'ஈடு' சேர்ந்ததும் இரண்டாம் கிளையே நிலைத்துவிட்டது: நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு. 'இன ஒதுக்கீடு' என்று டர்பன் பலகையில் எழுதினால் சென்னையிலிருந்து வரும் விருந்தாளி, ஒடுக்கப்பட்டவர்க்கு அரசு தரும் சலுகை என்று புரிந்துகொள்வார். தவறு இயல்பாக வரக் காரணமும் உண்டு. 1953ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'ரிசர்வேஷன்' இருக்கிறது. அகராதி அதற்கு 'ஒதுக்கீடு' என்கிறது. கடற்கரை, பேருந்து, பூங்கா, அஞ்சலகக் கதவு என ஒவ்வொன்றையும் இனத்துக்கு இனம் ஒதுக்கிய சட்டம் அது. ஒதுக்கிய வசதிகள் சமமாக இருக்கத் தேவையில்லை என்பதையும் எழுத்திலேயே வைத்தது. அமெரிக்கக் கோட்பாட்டிலிருந்த பாசாங்குகூட இதில் இல்லை. பெயரைத் தமிழில் 'தனித்தனிப் பொதுவசதிகள் சட்டம்' என்று எழுதி, 'ரிசர்வேஷன்' என்பதை வாக்கியத்துக்குள் விரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

இன ஒதுக்கல்: 'ஈடு' இல்லாமல் 'அல்' இருப்பதால் தப்பிக்கிறது. அபார்ட்ஹெய்ட்டுக்குத் தமிழில் ஓரளவு நிலைபெற்ற சொல் இது, அதற்கே விட்டுவிடலாம். செக்ரிகேஷனுக்கு நம் பரிந்துரை பிரித்தொதுக்கல். 'பிரித்து' பழைய மேய்ப்பன் வேலையைச் சொல்கிறது, 'ஒதுக்கல்' பட்டியில் அடைப்பதைச் சொல்கிறது, இரண்டும் பிறவினை. தேவைப்பட்டால் முன்னால் 'இனவாரி' சேர்க்கலாம். முதல் முறை வரும்போது ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். இங்குள்ள வாசகருக்கு அதுதான் கைப்பிடி.

இனி வாக்கியம். எந்த வாக்கியத்திலும் மூன்று கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: யார் பிரித்தது, எந்தக் கூட்டத்திலிருந்து, எந்த அடையாளத்தைக் கொண்டு. 'இந்தியர்கள் பிரிந்து சாட்ஸ்வர்த்தில் வாழத் தொடங்கினர்' என்ற வாக்கியம் மூன்றிலும் தோற்கிறது. தனிக்குடித்தனம் போனதுபோல் இருக்கிறது. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று வகுத்தது 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டம். அதைச் சேர்த்து இப்படித் திருத்தலாம்: '1960களில் அரசும் நகராட்சியும் குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, டர்பனில் மேகசின் பேரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் வாழ்ந்த குடும்பங்களை இனவாரியாகப் பிரித்தொதுக்கி, இந்தியரைச் சாட்ஸ்வர்த்தில் குடிவைத்தன.' நீளம் கூடுகிறதுதான். படவிளக்கத்துக்கு இடம் போதாவிட்டால் ஆண்டையோ ஊர்ப்பெயரையோ குறையுங்கள், எழுவாயைக் குறைக்காதீர்கள்.

நோட்டீசில் வரும் மற்றச் சொற்கள்

பழைய சட்ட ஆவணத்தில் செக்ரிகேஷன் என்ற சொல் பெரும்பாலும் நேராக வராது. அதன் வேலையை வேறு சாதுவான சொற்கள் செய்யும். அவற்றை அகராதிப்படி மொழிபெயர்த்தால் பொருள் கவிழும்.

'லொக்கேஷன்' இங்கே இடம் அல்ல, அமைவிடமும் அல்ல. வெள்ளையரல்லாதாரைக் குடிவைக்க ஊருக்கு வெளியே ஒதுக்கிய பகுதி. டிரான்ஸ்வாலில் 1885இன் 3ஆம் எண் சட்டம் ஆசியருக்குத் தெருக்கள், வட்டாரங்கள், லொக்கேஷன்களைக் குறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அடுத்த ஆண்டுத் திருத்தம் 'சுகாதார நோக்கத்துக்காக' என்ற சாக்கைச் சேர்த்தது. லொக்கேஷன் என்றே தமிழெழுத்தில் விட்டு ஒருமுறை விளக்கம் கொடுங்கள். கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து இங்கே வழங்கும் எத்தனையோ ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்க நாம் துடிப்பதில்லையே.

'கிளாஸ்': 1924இல் வந்து நிறைவேறாமல் போன கிளாஸ் ஏரியாஸ் மசோதாவை 'வர்க்கப் பகுதிகள் மசோதா' என்று எழுதினால் தொழிலாளி–முதலாளிக் கதையாகிவிடும். அங்கே கிளாஸ் என்றது இனத்தை. 'இனப்பகுதிகள் மசோதா' என்பதே சரி.

'கெட்டோ': முன்பு சொன்ன 1946ஆம் ஆண்டு நிலச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் கெட்டோ சட்டம். 1516இல் வெனிசு நகரம் யூதர்களைக் குடிவைத்து இரவில் கதவடைத்த பகுதியின் பெயர் அது. இதைச் 'சேரிச் சட்டம்' என்று எழுதும் ஆசை வரும். பொறுங்கள். சேரி 'சேர்' என்ற வினையடியாகப் பிறந்த சொல். சேர்ந்து வாழும் இடம், தெரு, ஊர்ப்பகுதி என்பதுதான் பழம்பொருள். சேர்வதற்கு வைத்த பெயரே பிறகு பிரித்து ஒதுக்கிய இடத்தின் பெயரானது தமிழ்ச் சமூகம் தன்னைப்பற்றி எழுதிவைத்த குறிப்பு. அதை வகுப்பில் பேசுங்கள்; சட்டத்தின் பெயரில் கெட்டோவையே வையுங்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் 1946 ஜூன் 13 அன்று டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் கூடாரமடித்து அறப்போர் தொடங்கினார்கள்.

'டிஸ்குவாலிஃபைட் பர்சன்': 1950ஆம் ஆண்டுக் குழுப் பகுதிகள் சட்டத்தின் கலைச்சொல். ஓர் இனத்துக்கென்று அறிவித்த பகுதியில் அந்த இனத்தைச் சேராதவர் என்று பொருள். 'தகுதியற்றவர்' என்று எழுதிவிட்டால் தாத்தாவுக்கு ஏதோ தகுதிக் குறைவு இருந்ததாகப் பேரன் நினைப்பான். 'அப்பகுதியில் குடியிருக்க உரிமை மறுக்கப்பட்டவர்' என்று விரித்து எழுதுங்கள்.

'அஃபெக்டட் ப்ராப்பர்ட்டி': வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட வீடு அல்ல. சட்டத்தின் பிடிக்குள் வந்ததாகப் பட்டியலில் ஏறிய சொத்து.

'யூரோப்பியன்': பலகைகளில் வரும் இந்தச் சொல் ஐரோப்பாவில் பிறந்தவரைக் குறிக்கவில்லை, வெள்ளையரைக் குறித்தது. 'நான்–யூரோப்பியன்' என்றால் மீதி எல்லோரும். பலகையின் சொல்லைத் தமிழில் அப்படியே 'ஐரோப்பியர்' என்று பெயர்த்து, விளக்கத்தில் வெள்ளையர் என்று எழுதுங்கள். பொதுவாகக் கலப்பினத்தாரைக் குறித்த 'கலர்ட்' இன்னும் தந்திரமானது. 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தில் வெள்ளையர், கலர்ட், சுதேசி (கருப்பின ஆப்பிரிக்கர்) என்று மூன்றே பெரும்பிரிவு. 1959ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் இந்தியர் கலர்ட்டின் உட்பிரிவாக நிற்கிறார்கள். ஆகவே தாத்தாவின் தாளில் அப்படியொரு சொல் இருந்தால் குடும்ப வரலாற்றை மாற்றி எழுத அவசரப்படாதீர்கள். முதலில் தாளின் ஆண்டைப் பாருங்கள்.

வெஸ்ட்வில்லில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் காந்தி–லுதூலி ஆவண நிலையத்தில் இந்தியர் தொடர்பான தாள்கள் பல இருக்கின்றன. உங்கள் நோட்டீசை அதே காலத்து வேறொரு தாளோடு ஒப்பிட்டால் சுருக்கெழுத்துகளும் சட்ட எண்களும் பிடிபடும்.

இனம் இல்லாத இடத்தில்

செக்ரிகேஷன் வரும் இடமெல்லாம் இனம் அல்ல. அறிவியல் வகுப்புப் பிள்ளை மெண்டலின் விதியைக் கொண்டுவரும். தமிழ்ப் பாடநூலில் அதன் பெயர் தனித்துப் பிரிதல் விதி. கவனியுங்கள், 'பிரிதல்': தன்வினை. பட்டாணிச் செடியின் காரணிகள் தாமாகவே பிரிகின்றன, பிரிப்பவர் யாரும் இல்லை. கலைச்சொல் ஆக்கியவர்கள் சரியாகவே கேட்டிருக்கிறார்கள்.

குப்பைக்குத் தரம் பிரித்தல். மக்கும் குப்பை ஒரு கூடை, மக்காதது ஒரு கூடை. இங்கே 'ஒதுக்கல்' தேவையில்லை.

கட்டட வேலையில் தண்ணீர் கூடிப்போனாலும், ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து காங்கிரீட்டைக் கொட்டினாலும், அதிர்வுக் கருவியை அதிக நேரம் வைத்தாலும் ஜல்லி அடியில் போய், சிமெண்ட் பால் மேலே வந்துவிடும். அதற்கும் ஆங்கிலத்தில் செக்ரிகேஷன் என்றே பெயர். ஜல்லிக்கோ அக்ரிகேட் என்று பெயர். ஒரே மந்தையின் இரண்டு சொற்கள் ஒரே கலவைச் சட்டியில்! தமிழில் 'ஜல்லி தனியாகப் பிரிந்துவிட்டது' என்றால் மேஸ்திரிக்குப் புரியும். 'பிரித்தொதுக்கல்' என்று சொன்னால் சிரிப்பார்.

அச்சுக்குப் போகுமுன்

எழுதி முடித்த தமிழ் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் படியெடுத்து, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இருவரிடம் கொடுக்க முடிந்தால் நல்லது: ஒருவர் இங்கே பிறந்து வளர்ந்தவர், இன்னொருவர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர். 'பார்ட்டிஷன்' என்று திரும்பி வந்தால் எங்கோ பிரிவினை நுழைந்திருக்கிறது. 'ரேசிசம்' என்று வந்தால் வெறி நுழைந்திருக்கிறது. 'ரிசர்வேஷன்' என்று வந்தால் ஒதுக்கீடு, பலகையை அச்சிடாதீர்கள். 'தே லிவ்ட் செபரேட்லி' என்று வந்தால் சொல் சரியாகவே இருக்கலாம், வினை தன்வினையாகிவிட்டது. 'ங்' இருக்குமிடத்தில் 'க்' போட்டு, எழுவாயில் அரசை நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பாருங்கள்.